அசைவு தெரிவதற்கு முன்னால் நடக்கிற வேலை

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறீர்கள். நைனாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. ஷிஃப்டுக்குப் போகும் முன்னாலும், திரும்பி வந்த பிறகும் அவரைத் தூக்கி உட்கார வைத்து, கை காலுக்குப் பயிற்சி கொடுப்பது நீங்கள்தான். இயல்பிலேயே சட்டென்று கோபம் வருகிற ஆள். அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடும்போது, அதே விஷயத்தை மறுபடி மறுபடி கேட்கும்போது, வாய்வரை வந்ததைச் சொல்லாமல் நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறீர்கள். பெங்களூரில் இருக்கும் அண்ணன் மாதாமாதம் பணம் அனுப்புகிறார், சொந்தக்காரர்கள் அவரைத்தான் புகழ்கிறார்கள். "நான் மனசுக்குள்ள படற பாடு ஒருத்தருக்கும் தெரியாது சார், வெளியில ஒண்ணுமே மாறலையே, இதுக்கெல்லாம் மதிப்புன்னு ஏதாவது இருக்கா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

இருக்கிறது. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. நரம்பு பாதித்த கைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையில் வேலூரிலேயே என் காலம் போனது, இப்போது ஓய்வில் இருக்கிறேன். வெளியே தெரியாத முயற்சி என்ன செய்யும், எப்போது செய்யும், எப்போது அது வீணாய்ப் போகும் என்பதைக் கையைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிற தொழில் அது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

தொழுநோய் வந்தவர்களில் சிலருக்குக் கைவிரல்கள் கொக்கி மாதிரி மடங்கிவிடும். முழங்கைக்குப் பின்னால், தோலுக்கு மிக அருகில் ஓடுகிற நரம்பு சாகும்போது, உள்ளங்கைக்குள் இருக்கிற சின்னச் சின்னத் தசைகள் வேலை செய்யாமல் போகும், விரல் நீளாது. ஒரு காலத்தில் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது, சதை அழுகிவிட்டது என்றே உலகம் முழுக்க நினைத்தார்கள். 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவைச் சிகிச்சை டாக்டர் பால் பிராண்ட், அடுத்த வருடம் தொழுநோய் நிபுணர் டாக்டர் காக்ரேன் கூப்பிட்டுச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே மடங்கிப்போன கையுடன் இருந்த ஒருவரிடம் கையைக் கொடுத்து "இறுக்கிப் பிடியுங்கள்" என்றார். அந்த மனிதர் பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலித்தது. அப்படியானால் முழங்கையிலிருந்து வருகிற தசைகள் உயிரோடு இருக்கின்றன, பலமாகவே இருக்கின்றன என்று அவருக்குப் புரிந்தது. நல்ல தசையை எலும்போடு இணைக்கிற நாணை எடுத்து, செத்த தசையின் வேலைக்குத் திருப்பி விடலாம் என்று யோசித்தார். 1948-ல் தொழுநோய்க் கைகளுக்கான அந்த அறுவைச் சிகிச்சை உலகத்திலேயே முதல் முறையாக வேலூரில் நடந்தது.

இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை. பேப்பரில் வருவதும் இந்த அளவுக்குத்தான்: டாக்டர், ஆபரேஷன், வருடம். நான் சொல்ல வருவது ஆபரேஷனுக்குப் பிறகு நடப்பதை.

கட்டை விரலுக்குச் செய்கிற ஆபரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். மோதிர விரலை மடக்க இரண்டு நாண்கள் உண்டு, ஒன்றை எடுத்தாலும் இன்னொன்று சமாளிக்கும். அப்படி எடுத்த நாணை உள்ளங்கை வழியாகக் கொண்டுபோய்க் கட்டை விரலில் தைப்பார்கள். மூன்று வாரம் போல மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் நோயாளியைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். நீங்கள் "கட்டை விரலை அசைங்க" என்று சொன்னால் அசையாது. அவர் முகம் சுருங்கும், வியர்க்கும், தோளெல்லாம் இறுகும், விரல் மட்டும் அப்படியே இருக்கும். ஏனென்றால் மூளையைப் பொறுத்தவரை அந்தத் தசை இன்னும் மோதிர விரலுக்குச் சொந்தம். "மோதிர விரலை மடக்கறதா நினைச்சுக்குங்க" என்று சொல்ல வேண்டும். அப்போது கட்டை விரல் ஒரு நூல் அளவுக்கு நகரும். அதைப் பார்த்து அவர்கள் திகைத்துப்போவதை நான் எப்போதும் விரும்பிப் பார்ப்பேன்.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. ஒன்றை நினைத்து இன்னொன்றைச் செய்ய வேண்டும், திரும்பத் திரும்ப, நாள் முழுக்க. வெளியே நின்று பார்க்கிறவருக்கு ஒரு ஆள் மேஜை மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். கூட வந்த உறவினர்கள் "இன்னா சார், காலையிலேர்ந்து கையையே பார்த்துனு உக்காந்துக்குறாரு" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் அந்த மனிதரின் தலைக்குள் நடக்கிற உழைப்பு, நேதாஜி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும் குறைந்தது இல்லை. வாரங்கள் போனால், நினைக்காமலே கட்டை விரல் நகர ஆரம்பிக்கும். பட்டன் போடுவார், சோற்றைப் பிசைவார். வீட்டில் உள்ளவர்கள் "ஆபரேஷன் நல்லா வேலை செஞ்சிருக்கு" என்பார்கள். ஆபரேஷன் நாணை மட்டும்தான் மாற்றியது. அந்தக் கையை அவருடைய கையாக ஆக்கியது அந்த மேஜை முன்னால் உட்கார்ந்திருந்த நேரம். நன்றாக நடந்த ஆபரேஷன்கூட, பயிற்சியில் மனம் வைக்காதவரிடம் பாதிப் பலன் தந்து நின்றுபோகும்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும், நைனாவுக்கும் பொருந்துவது. தசையின் பலத்தை நாங்கள் 0 முதல் 5 வரை எண் போட்டு எழுதுவோம். 5 என்றால் முழுப் பலம். 0 என்றால் ஒன்றுமே இல்லை. 1 என்றால் என்ன தெரியுமா? மூட்டு அசையாது. கண்ணுக்கு எந்த வேலையும் நடந்த மாதிரி இருக்காது. ஆனால் நாண் மேல் விரலை வைத்துக்கொண்டு "முயற்சி பண்ணுங்க" என்றால், உள்ளே ஒரு துடிப்பு தட்டுப்படும். அந்தத் துடிப்புக்குத்தான் 1. மருத்துவம் அதற்குத் தனியாக ஒரு எண்ணை ஒதுக்கியிருக்கிறது, ஏனென்றால் 0-க்கும் 1-க்கும் உள்ள தூரம்தான் எல்லாவற்றிலும் பெரிய தூரம். 2, 3 எல்லாம் பெரும்பாலும் அதன் தொடர்ச்சி. பார்வையாளர் யாருக்கும் 1 தெரியாது, தொட்டுப் பார்க்கத் தெரிந்தவருக்கும் முயற்சி செய்கிறவருக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆரோக்கியமான உடம்பிலும் இப்படித்தான். ஜிம்முக்குப் புதிதாகப் போகிற பையன்கள் முதல் சில வாரம் கண்ணாடியில் பார்த்துச் சலித்துக்கொள்வார்கள், கை பருக்கவே இல்லை என்று. ஆனால் அந்த வாரங்களிலேயே அவர்கள் தூக்குகிற எடை கூடியிருக்கும். முதலில் மாறுவது நரம்பு, அதிகமான தசை நார்களை ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்க அது கற்றுக்கொள்கிறது. தசை பருப்பது பின்னால் வருகிறது. வெளியே ஒன்றும் தெரியவில்லை என்று அந்த வாரங்களில் விட்டுவிட்டுப் போகிறவர்கள், சரியாக விஷயம் நடந்துகொண்டிருக்கும்போதே போய்விடுகிறார்கள்.

உங்கள் கோபத்துக்கு வருகிறேன். "வெளியில ஒண்ணுமே மாறலை" என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதே கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது, நீங்களே கவனித்திருக்க மாட்டீர்கள்: "முன்னாடி கத்தின பிறகுதான் தெரியும், இப்போ கத்தப்போறேன்னு தெரியுது, ஆனா அப்பவும் சில நேரம் கத்திடறேன்." தம்பி, இதுதான் அந்த 1. கத்தி முடித்த பிறகு வருத்தப்பட்ட ஆள், கத்துவதற்கு முன்னாலேயே தாடை இறுகுவதைக் கவனிக்கிற ஆளாக மாறியிருக்கிறீர்கள். உங்கள் மனைவிக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்கும், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்களுக்குள் பாதை மாறத் தொடங்கிவிட்டது.

சரி, அப்படியே முழுசாகக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்டாலும் யாராவது கவனிப்பார்களா என்றால், பெரும்பாலும் மாட்டார்கள். இதை நான் ஒளித்துச் சொல்ல விரும்பவில்லை. அதற்கும் தொழுநோய் வார்டில்தான் நல்ல விளக்கம் இருக்கிறது.

அந்த நோயில் விரல்கள் நோயால் உதிர்வதில்லை. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், கொப்புளம் வருகிறது, தெரியவில்லை, அதே கையால் வேலை செய்கிறார்கள், புண் எலும்புவரை போகிறது. விரல் குட்டையாவது இந்தக் காயங்களால். இதையும் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும்தான் வேலூரில் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். ஒரு கட்டத்தில் அவர்களுக்கே புரியாத ஒன்று நடந்தது: இரவு படுக்கும்போது முழுசாக இருந்த விரலில் காலையில் ஒரு பகுதி காணோம். இரவில் விழித்திருந்து காவல் காத்தபோதுதான் தெரிந்தது, எலி வந்து கடிக்கிறது, தூங்குகிறவருக்கு உணர்ச்சி இல்லாததால் விழிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு அங்கிருந்தவர்கள் பூனை வளர்க்க ஆரம்பித்தார்கள்.

உங்களுக்கும் எனக்கும் வலி என்கிற காவல்காரர் சும்மா கிடைத்திருக்கிறார். அவர்களுக்கு அந்த வேலையை மனதால் செய்ய வேண்டும். தினமும் மாலையில் உட்கார்ந்து உள்ளங்கை, உள்ளங்கால், விரல் இடுக்கு எல்லாம் பார்க்க வேண்டும், எங்கே சிவந்திருக்கிறது, எங்கே சூடாக இருக்கிறது என்று. காலைத் தண்ணீரில் ஊற வைத்து, காய்த்த தோலைத் தேய்த்து எடுத்து, எண்ணெய் தடவ வேண்டும். அடுப்பில் பாத்திரத்தைத் தொடும் முன்னால் துணி எங்கே என்று நினைக்க வேண்டும். செருப்புக்குள் கல் இருக்கிறதா என்று உதறிப் பார்க்க வேண்டும். அவர்களுக்காகவே மெத்தென்ற ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பு உண்டு, இப்போது சர்க்கரை நோயாளிகளும் போடுகிறார்கள். அதில் ஆணி அடிக்க மாட்டார்கள், ஒட்டித்தான் செய்வார்கள். ஷூ வேலை தெரிந்தவர் நீங்கள், உள்பக்கம் ஒரு தையல் மேடு இருந்தால் கால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால் என்ன பலன்? புண் வராது. அவ்வளவுதான். வேலூர் பக்கத்துக் கரிகிரியில் 1955-ல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனைக்கு மறுபடி புண்ணோடு வந்து படுத்தவரை எல்லாரும் பார்ப்பார்கள், டாக்டர் கடிந்துகொள்வார், கட்டு போடுவார்கள், கணக்கில் வரும். வருடக்கணக்காகத் தன் காலைத் தானே பார்த்துக்கொண்டு, ஒரு தரம்கூடப் படுக்காமல் வாணியம்பாடியிலோ குடியாத்தத்திலோ தன் வேலையைச் செய்துகொண்டிருப்பவரைப் பற்றி எழுத எந்தப் பதிவேட்டிலும் இடம் கிடையாது. அவருடைய வெற்றி முழுக்க, நடக்காமல் போனவற்றால் ஆனது.

உங்கள் வீட்டிலும் அப்படித்தான். நேற்று ராத்திரி நீங்கள் விழுங்கிய வார்த்தையால் நடக்காமல் போன சண்டையை யார் பார்க்க முடியும்? நைனா அழாமல் தூங்கினார், பிள்ளைகள் அறைக்கதவைச் சாத்திக்கொள்ளாமல் டிவி பார்த்தார்கள், மனைவிக்கு மறுநாள் காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை. அவர்களைக் கேட்டால் "நேத்து ஒண்ணும் நடக்கலையே" என்பார்கள். உண்மைதான், நடக்கவில்லை. அந்த நடக்காததைச் செய்தது நீங்கள். மதிப்பு என்று கேட்டால் நான் காட்டுவது இதைத்தான், பாராட்டு பின்னால் ஒரு நாள் வரும் என்பதை அல்ல. வரலாம், வராமலும் போகலாம், அதை நம்பி இந்த வேலையைச் செய்தால் ஆறே மாதத்தில் கசந்துவிடும்.

இப்போது நான் உங்களோடு கொஞ்சம் கறாராகப் பேச வேண்டிய இடம். உள்ளுக்குள் செய்கிற எல்லாப் பாடும் ஒன்றல்ல. கோபத்தை முகத்தில் காட்டாமல் அமுக்கி வைப்பது ஒன்று. கோபம் வருகிற விஷயத்தையே வேறு விதமாகப் பார்க்கக் கற்றுக்கொள்வது இன்னொன்று. ஜேம்ஸ் கிராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-களில் இதைச் சோதித்துப் பார்த்தார். அருவருப்பான படத்தைப் போட்டுக் காட்டி, சிலரை முகத்தில் எதையும் காட்டாமல் அடக்கச் சொன்னார், சிலரை அதை மருத்துவ விஷயமாக, விலகி நின்று பார்க்கச் சொன்னார். அடக்கியவர்களின் முகம் அமைதியாக இருந்தது, ஆனால் உள்ளே அருவருப்பு குறையவில்லை, உடம்பு இன்னும் அதிகமாகப் பதறியது. வேறு விதமாகப் பார்த்தவர்களுக்கு அருவருப்பே குறைந்தது. வெளியிலிருந்து பார்க்க இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். ஆக, "நான் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன்" என்பது மட்டும் நல்ல முயற்சிக்கு அடையாளம் ஆகாது. அமுக்கி வைப்பதே வேலையாகப் போனால், அது உங்கள் உடம்பில் உட்கார்ந்துகொள்ளும், இல்லாவிட்டால் ஷூ கம்பெனியில் கீழே வேலை செய்கிற பெண்கள் மேல் இறங்கும். அப்படி இறங்குகிறதா என்று நீங்களே நேர்மையாகப் பாருங்கள்.

எது எது என்று கண்டுபிடிக்க நான் பார்க்கிற அடையாளம் ஒன்று உண்டு. அடக்கி முடித்த பிறகு மனதுக்குள் கணக்கு ஏறுகிறதா? "இன்னிக்கும் நான்தான் பொறுத்தேன், ஒரு நாள் இருக்கு" என்று ஓடுகிறதா? ஓடினால் அது அமுக்கியது. மாறாக, அந்த நிமிஷம் முடிந்ததும் அது முடிந்துவிட்டால், நைனாவின் முகத்தை அதற்குப் பிறகு சாதாரணமாகப் பார்க்க முடிந்தால், உள்ளே ஏதோ உண்மையாகவே இடம் மாறியிருக்கிறது.

வேறு விதமாகப் பார்ப்பது என்றால் நல்லதையே நினை என்று சொல்லும் உபதேசம் இல்லை. உண்மை என்னவென்று தெரிந்துகொள்வதுதான் பாதி வேலை. பக்கவாதம் கையையும் காலையும் மட்டும் அடிப்பதில்லை. மூளையில் உணர்ச்சியைப் பிடித்து வைக்கிற இடங்களும் அடிபடலாம். காரணமில்லாமல் அழுகை, சட்டென்று சிரிப்பு, தட்டைத் தள்ளுகிற அளவுக்கு எரிச்சல் எல்லாம் அதனால் வரும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது, அதற்கு மருந்தும் சிகிச்சையும் இருக்கின்றன, டாக்டரிடம் இதைத் தனியாகச் சொல்லிக் கேளுங்கள். இது தெரிந்த பிறகு தட்டு கீழே விழும்போது, "வேணும்னே பண்றாரு" என்ற வரி உங்கள் தலையில் அவ்வளவு சுலபமாக ஓடாது. ஓடாவிட்டால் அடக்க வேண்டியதும் குறையும்.

இன்னும் ஒன்று. நைனாவும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார். "கையைத் தூக்குங்க" என்று நீங்கள் சொல்லும்போது, தூக்காமல் உங்களையே பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை அவர் தோள் பக்கம், முழங்கைக்கு மேல், உங்கள் விரலை மெதுவாக வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். உள்ளே ஏதாவது துடிக்கிறதா என்று பாருங்கள். துடித்தால், அவர் சும்மா இருக்கவில்லை, தன் பலம் முழுவதையும் போட்டு அவ்வளவுதான் அவரால் முடிகிறது என்று அர்த்தம். வார்த்தைக்கும் அப்படித்தான், வாய்க்கு வராத ஒரு சொல்லை அவர் எத்தனை முறை உள்ளே தேடுகிறார் என்பது நமக்குத் தெரியாது. ஒரே அறையில் இரண்டு பேர் வெளியே தெரியாமல் பாடுபடுகிறீர்கள், ஒருவர் படுவது மற்றவர் கண்ணில் படவில்லை.

மூன்றாவது ஆளும் அந்த வீட்டில் இருக்கிறார். உங்கள் கடிதத்தில் மனைவியைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது, அவர் உங்களைப் புரிந்துகொள்ளவில்லை என்று. நீங்கள் ஷிஃப்டில் இருக்கிற நேரம் முழுவதும் நைனாவோடு யார் இருக்கிறார்? அவர் எதையெல்லாம் விழுங்குகிறார் என்று கேட்டிருக்கிறீர்களா? உங்கள் மேல் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. உள்ளே பாடுபடுகிறவர்கள் எல்லாருக்கும் தன் பாடு மட்டும்தான் பாடு என்று தோன்றுகிற ஒரு நேரம் வரும், எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறேன்.

சி.எம்.சி.யைச் சுற்றி, காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் லாட்ஜ்கள் வரிசையாக இருக்கின்றன இல்லையா, வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். கடைப் பெயர்ப்பலகையே வங்காளத்தில் இருக்கும். நோயாளியோடு வந்தவர் மொழி தெரியாத ஊரில், கத்திரி வெயிலில் தகிக்கிற அறையில் ஸ்டவ்வில் கஞ்சி வைத்து, வரிசையில் நின்று, ரிப்போர்ட் வாங்கி, பணம் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்த்து, படுத்திருப்பவர் முன்னால் மட்டும் முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொள்கிறார். சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்டு 1983-ல் இந்த முகத்தை வைத்துக்கொள்வதும் ஓர் உழைப்புதான் என்று எழுதினார். அவர் ஆராய்ந்தது விமானப் பணிப்பெண்களை, கடன் வசூலிப்பவர்களை. சிரிப்பதற்கும் கறாராக இருப்பதற்கும் சம்பளம் வாங்குகிறவர்களை. வீட்டில் அதற்குச் சம்பளம் இல்லை, விடுமுறையும் இல்லை.

அதனால் என் கருத்து இதுதான், பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மனதுக்குள் செய்கிற முயற்சிக்குச் சாட்சி தேவையில்லை. ஆனால் குளிப்பாட்டுவது, மலம் எடுப்பது, ராத்திரி விழிப்பது, மாத்திரை எண்ணுவது எல்லாம் மனதுக்குள் நடப்பதில்லை, கையால் செய்கிற வேலை. அதை யாரும் பார்க்காமல் செய்வதில் எந்தப் பெருமையும் இல்லை. அதை எண்ணிச் சொல்ல வேண்டும், பங்கு போட வேண்டும். "எதையும் எதிர்பார்க்காம செய்யறதுதான் உயர்வு" என்று உங்களுக்குச் சொல்கிற சொந்தக்காரர்களில் எத்தனை பேர் ஒரு ராத்திரி வந்து நைனாவோடு படுத்தார்கள்?

பௌர்ணமிக்கு கிரிவலம் போனால் மட்டும் மனது அடங்குகிறது, வீட்டுக்கு வந்ததும் பழையபடி ஆகிவிடுகிறது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கேயே போய்விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். திருவண்ணாமலை நம் பழைய வட ஆர்க்காடு மாவட்டம்தான், 1989-ல் பிரிந்தது. அங்கே 1896-ல் பதினாறு வயதில் வந்து சேர்ந்து 1950-ல் மறையும்வரை அந்த மலையை விட்டுப் போகாத ரமணர், வீட்டை விட்டு வரவா என்று தன்னிடம் கேட்டவர்களுக்குச் சொன்னது பெரும்பாலும் ஒன்றுதான்: எங்கே போனாலும் அதே மனம்தான் கூட வரும், இருக்கிற இடத்திலேயே அதைப் பார். அவரே விடியும் முன் எழுந்து ஆசிரமச் சமையலறையில் மற்றவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்கியவர். கிரிவலம் போங்கள், பதினான்கு கிலோமீட்டர் நடை உடம்புக்கும் நல்லது. ஆனால் உங்கள் பயிற்சி நடக்கிற இடம் நைனாவின் கட்டில்தான்.

வேலூரில் இதைப் பேசும்போது மேரி வர்கீஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. சி.எம்.சி.யில் இளம் டாக்டர். 1954-ல் ஒரு வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பிராண்டின் ஊக்கத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்யக் கற்றுக்கொண்டார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, இங்கே அந்தத் துறையை நடத்தினார், 1966-ல் உள்நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறுகிற மறுவாழ்வு மையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. இவ்வளவும் பதிவில் இருக்கிறது. விபத்துக்கும் முதல் ஆபரேஷனுக்கும் நடுவில், படுக்கையில் கிடந்த மாதங்களில், அவர் தனக்குள் என்ன செய்தார் என்பதற்கு வருடமும் தேதியும் கிடையாது. பிற்பாடு வந்தது எல்லாம் அந்த மாதங்களின் மேல்தான் நிற்கிறது.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். லண்டன் பல்கலைக்கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. புதிய சின்னப் பழக்கம் ஒன்று தானாக நடக்க ஆரம்பிக்க சராசரியாக 66 நாள் ஆனது, ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. 21 நாளில் எல்லாம் மாறிவிடும் என்று வாட்ஸப்பில் வருவதை நம்பாதீர்கள். அந்த 66 நாள்கூடத் தண்ணீர் குடிப்பது, நடப்பது மாதிரியான எளிய பழக்கங்களுக்கு. கோபம் அதைவிடக் கடினம். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: நடுவில் ஒரு நாள் தவறவிட்டால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. ஒரு நாள் கத்திவிட்டீர்கள் என்றால், கத்திவிட்டீர்கள். நைனாவிடம் மன்னிப்புக் கேளுங்கள், அவருக்குப் புரியும், பேச்சு குழறினாலும் புரிவது பெரும்பாலும் இருக்கும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள்.

கடைசியாக அண்ணன் விஷயம். அவரிடம் சண்டை போட வேண்டாம், வாயை மூடிக்கொண்டும் இருக்க வேண்டாம். உங்கள் மனப்போராட்டத்தை அவரிடம் விளக்க முயலாதீர்கள், ஃபோனில் அது புலம்பல் மாதிரிதான் கேட்கும். வேலையைச் சொல்லுங்கள். காலை எத்தனை மணிக்கு என்ன, ராத்திரி எத்தனை முறை, யார் செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி, நீங்களும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள், அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு அவர் வந்து இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பெங்களூரிலிருந்து ஆம்பூருக்கு ரயிலில் சில மணி நேரம்தான். வந்தால் அந்த இரண்டு நாளும் நீங்கள் வீட்டில் இருக்காதீர்கள், மனைவியைக் கூட்டிக்கொண்டு ஏலகிரிக்கோ எங்கேயோ போய்விடுங்கள், அவர் தனியாகச் செய்து பார்க்கட்டும். போகும் முன்னால் ஒன்றை மட்டும் அவருக்குக் கட்டாயம் காட்டிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: நைனாவைத் தூக்கும்போது விழுந்துபோன கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அக்குளில் கை கொடுத்தும் தூக்கக் கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும், இடுப்பைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். அப்புறம், பிசியோவிடம் அடுத்த முறை போகும்போது வலது தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றுக்கும் தசை எண் என்ன என்று கேட்டு, தேதி போட்டு எழுதி வாங்குங்கள். உங்களுக்கும் அங்கேயே பிபி பார்த்துவிடுங்கள்.